விதானத்தின் திசை

போன் பிரின்சிபால் அறையில் இருக்கிறது. நீலப் பிளாஸ்டிக் கூடையில், மற்ற டீச்சர்களின் போன்களுக்கு நடுவே, அணைத்து வைத்து, முதுகில் வெள்ளை டேப் ஒட்டி, அதில் ‘தில்லைநாயகி, டிராயிங்’ என்று என் கையாலேயே எழுதி. பரீட்சை ஹாலுக்குள் போன் கூடாது. ஒரு மணிக்குக் கடைசி மணி அடித்து, விடைத்தாளை எண்ணிக் கட்டி ஒப்படைத்த பிறகுதான் கூடையில் கை வைக்கலாம். பல்கலைக்கழகத்தின் பதில் பதினொரு மணிக்கு வருகிறது. கலை வரலாறு முதுகலைக்கான முடிவுகள் நாளை காலை பதினொரு மணிக்கு மின்னஞ்சலில் அனுப்பப்படும் என்று நேற்றே எழுதிவிட்டார்கள். ஆக, பதினொன்றிலிருந்து ஒன்று வரை பதில் அங்கே இருக்கும், நான் இங்கே இருப்பேன், நடுவில் ஒரு மாடிப்படி. இப்போது மணி பத்து இருபது. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, முழு ஆண்டுத் தேர்வு, சமூக அறிவியல், முப்பத்தெட்டுப் பிள்ளைகள். மின்விசிறி கடகடக்கிறது. நான் மேசைக்கும் கதவுக்கும் நடுவே நடக்கிறேன், திரும்புகிறேன், நடக்கிறேன். காலையில் இட்லி இறங்கவில்லை, தட்டிலேயே பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டு வந்தேன். கை சில்லென்று இருக்கிறது, ஏப்ரல் மாதத்தில், விருத்தாசலத்தில். இரண்டு இடங்களில் ஏற்கெனவே இல்லை என்று சொல்லியாகிவிட்டது. முதல் கடிதம் நான்கு வரி, இரண்டாவது இரண்டே வரி, இந்த வேகத்தில் போனால் மூன்றாவதற்கு ஒரு சொல் போதும். அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு ஜூன் மாதம், மறுபடி ஆறாம் வகுப்பு, மறுபடி இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஆற்றில் ஒரு படகு. எட்டு வருடமாக அந்தப் படகு கரை சேரவில்லை. எனக்கு முப்பத்தொன்று ஆகிறது. விண்ணப்பத்தில் வயதை எழுதும்போதே கை கொஞ்சம் நின்றது.

அம்மாதான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். “எம் பொண்ணு மேல படிக்க வடக்க போறா.” விண்ணப்பித்திருக்கிறாள் என்று சொல்லச் சொன்னேன், அந்தச் சொல்லை அவள் வாயில் வைக்கவே முடியவில்லை. “அது என்னடி, போறதுன்னா போறது, போகாட்டி போகாதது.” ஆனால் என்னிடம் தனியாக இருக்கும்போது வேறு பாட்டு. “படம் போட்டது போதாதா, படத்தப் பத்தி வேற படிக்கணுமா?” நல்ல கேள்விதான். நேர்காணலில்கூட யாரும் அவ்வளவு நேராகக் கேட்கவில்லை. எப்படிச் சொல்வது அவளிடம்? செங்கழனிபுரம் கோயிலில் வாகன மண்டபத்துக்குள் முதன்முதல் போனபோது என் வாய்க்குள் டார்ச் இருந்தது, அதனால் பேச முடியவில்லை, இல்லாவிட்டாலும் பேசியிருக்க மாட்டேன் என்றா? மண்டபம் முழுக்கத் திருவிழாச் சாமான். மர யாளி, சிம்மம், கழற்றிப் போட்ட சப்பரத்தின் கால்கள், கிழிந்த குடை. சுற்றி நடக்க இடமே இல்லை. நட்ட நடுவில் குதிரை வாகனத்தின் நான்கு கால்களுக்கு இடையில் மட்டும் ஒரு ஆள் படுக்கலாம். படுத்தேன். வௌவால் எச்சத்தின் மேல் பழைய பேனர் ஒன்றை விரித்து, மல்லாந்து படுத்து, டார்ச்சைக் கடித்துக்கொண்டு மேலே பார்த்தேன். விதானத்தில் நடுவே ஒரு தாமரை, அதைச் சுற்றி எட்டுக் கட்டங்கள், கட்டம் கட்டமாக ஒரு கதை. பாளையக்காரர் ஒருவரின் கல்யாணம், அவர் சண்டைக்குப் போவது, சேதி வருவது, மனைவி தேடிக்கொண்டு புறப்படுவது, போர்க்களம், சிதை, அவள் தனியாகத் திரும்பி வருவது, கடைசியில் கோயில் கட்டுவது. சிதைக் கட்டத்தில் அவள் கையில் ஒன்றுமே இல்லை. மற்ற ஏழு கட்டங்களிலும் பூவோ கிளியோ விளக்கோ ஏதாவது பிடித்திருக்கிறாள், அதில் மட்டும் வெறுங்கை. ஓவியனுக்கு அது தெரிந்திருக்கிறது. படுத்தபடியே அழுதேன், டார்ச்சில் எச்சில் ஒழுகியது. ஆறு ஞாயிற்றுக்கிழமை அப்படியே படுத்து நோட்டில் வரைந்தேன். அதிலிருந்து ஏழாம் மாதம் கும்பாபிஷேகம் என்று மண்டபத்துக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். தாமரையும் போயிற்று, அவளும் போய்விட்டாள். இப்போது அந்த விதானம் என் நோட்டில் மட்டும்தான் இருக்கிறது.

அதனால்தான் பயம். அவர்கள் இல்லை என்று சொன்னால் என்னை மட்டும் சொன்னதாக ஆகாதே. விண்ணப்பத்தோடு அனுப்பிய கட்டுரையை மூன்று மாதம் எழுதினேன். நோட்டில் இருந்த வட்டத்தை மண்டபத்தின் தரைப்படத்தோடு பொருத்தினேன், வாசல் கிழக்கே, கல்யாணக் கட்டம் வாசலுக்கு நேர் மேலே. அங்கிருந்து கதை எந்தப் பக்கம் போகிறது என்று விரலை வைத்துப் பார்த்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கோயிலில் நாம் வலமாகச் சுற்றுவோம், கிழக்கிலிருந்து தெற்கு, மேற்கு, வடக்கு. இந்தக் கதையோ கிழக்கிலிருந்து வடக்கே போகிறது. இடமாக. சாவுச் சடங்கில்தான் இடமாகச் சுற்றுவார்கள். அந்த ஓவியன் ஒரு விதவையின் கதையைத் தெரிந்தே எதிர்த்திசையில் நடத்தியிருக்கிறான், கீழே வலம் வருகிறவர்கள் தலைக்கு மேல் துக்கம் எதிரே வந்துகொண்டிருக்கிறது. இதுதான் என் கட்டுரை. இதுதான் முழுக்க முழுக்க என் கட்டுரை, மற்றதெல்லாம் அடிக்குறிப்பு. நேர்காணலில் வெள்ளை முடி அம்மா ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “திசையை இதுவரை யாரும் கேட்கவே இல்லையே” என்றார் ஆங்கிலத்தில். அந்த ஒரு வாக்கியத்தை மூன்று வாரமாக மென்றுகொண்டிருக்கிறேன். பாராட்டா? பாராட்டு மாதிரிதான் இருந்தது. அல்லது யாரும் கேட்காததற்குக் காரணம் இருக்கிறது என்றாரோ? அவர் பக்கத்தில் தாடிக்காரர் ஒருவர் பேசவே இல்லை, கடைசியில் ஒரே ஒரு கேள்வி. “இந்த வரைபடம் கீழிருந்து பார்ப்பதா, மேலிருந்து பார்ப்பதா?” நான் சிரித்துக்கொண்டே, “கீழிருந்துதான் சார், மேலே ஒட்டிக்கொண்டு பார்க்க நான் என்ன பல்லியா?” என்றேன். ஆங்கிலத்தில் சொன்னாலும் பல்லி பல்லிதான், மூன்று பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நோட்டில் என்னவோ எழுதினார். சிரிக்க வைத்தது நல்லதா? சிரிக்க வைக்கிறவர்களுக்கு சீட் கொடுப்பார்களா?

மணி அடிக்கிறது. பதினொன்று. வந்துவிட்டது. இந்த நொடியில் கூடைக்குள் வந்துவிட்டது, அணைந்த போனுக்கு எங்கிருந்து வரும், எங்கேயோ காற்றில் நின்றுகொண்டிருக்கும், நான் தொட்டதும் இறங்கும். மணியை அடித்த ஆயாம்மா கீழே யாரையோ திட்டுகிறார், உலகம் பாட்டுக்கு நடக்கிறது. நில்லாதே, நட. ஒரு பிள்ளை கூடுதல் தாள் கேட்கிறது, கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறேன், என் கையெழுத்து என் கையெழுத்து மாதிரியே இல்லை. இல்லை என்றுதான் வந்திருக்கும். ஆமாம் என்றால் போனிலேயே கூப்பிட்டுச் சொல்வார்கள் இல்லையா? கூப்பிட்டாலும் போன் அணைந்திருக்கிறதே. ஆங், அப்படியென்றால் கூப்பிட்டும் இருக்கலாம். ஹர்ஷவர்தினியின் மேசை பக்கம் நிற்கிறேன், வேறெதற்கும் இல்லை, அங்கே மின்விசிறிக் காற்று நன்றாக விழும். வரைபடக் கேள்விக்கு வந்துவிட்டாள். இந்திய வரைபடத்தில் குறி. நாக்கைக் கடித்துக்கொண்டு ‘அரபிக்கடல்’ என்று எழுதுகிறாள். என்னவோ உறுத்துகிறது. அவள் எழுதிய இடம் இடது பக்கம்தான், சரிதான், ஆனால் அந்த இந்தியா சரியில்லை. குஜராத்தின் மூக்கு வலது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அசாம் இடது பக்கம் தொங்குகிறது. தாள் மெல்லிசு, அச்சு மை பின்பக்கம் ஊறித் தெரிகிறது, பிள்ளை தாளைக் குப்புறப் போட்டுக்கொண்டு முதுகில் எழுதுகிறது. கண்காணிப்பாளர் வாய் திறக்கக்கூடாது. எனக்கு அடக்க முடியவில்லை. “வர்தினி, தாளத் திருப்பிப் பாரும்மா.” திருப்பிப் பார்த்தவள் முகம் வெளிறிவிட்டது. “ஐயோ மிஸ். கெழக்கும் மேற்கும் மாறிப் போச்சு மிஸ்.” “பரவால்ல, பின்பக்கமா பாத்தா அப்படித்தான் மாறும். வேற மேப் தரேன், அழாம எழுது.” சொல்லிவிட்டு மேசைக்கு நடந்து வந்து புது வரைபடத்தை எடுக்கிறேன். பின்பக்கமாகப் பார்த்தால் அப்படித்தான் மாறும். நான்தான் சொன்னேன். இப்போதுதான் சொன்னேன். தாளை அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கால் தரையில் இருக்கிறதா என்று தெரியவில்லை.

பொறு. பொறு, அவசரப்படாதே. மேசையில் ஒரு வெள்ளைத் தாள். ஒரு வட்டம் போடு. கிழக்கு. வடக்கு. மேற்கு. தெற்கு. சாதாரணத் தரைப்படம், மேலிருந்து பார்ப்பது, எல்லோரும் போடுவது. இப்போது அதே தாளைத் தலைக்கு மேலே விதானம் மாதிரி பிடித்துக் கீழிருந்து பார். எழுத்து கீழ்ப்பக்கம் இருந்தால்தானே தெரியும், ஆகவே தாளைத் திருப்பிக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும், கிழக்கை வாசல் பக்கம் வைத்துப் பிடித்தால்... வடக்கு தெற்கே போய்விட்டது. மறுபடி பிடிக்கிறேன். மறுபடி போய்விட்டது. பிள்ளைகள் சிரிப்பது கேட்கிறது, டிராயிங் மிஸ் தலைக்கு மேலே வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்கிறார். “எழுதுங்க, எழுதுங்க.” குரல் யாருடையதோ மாதிரி வருகிறது. மல்லாந்து படுத்து வரைந்த வட்டத்தைத் தரைப்படத்தின் மேல் அப்படியே ஒட்டக்கூடாது. கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிவிட்டு ஒட்ட வேண்டும். முதல் பாடம். படித்திருக்கிறேன், ஏதோ ஒரு கையேட்டில் அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறேன். என் வட்டத்தைத் திருப்பினால் கதை கிழக்கிலிருந்து தெற்கே போகிறது. தெற்கிலிருந்து மேற்கே. வலமாக. எல்லாக் கோயிலையும் போல, எல்லா ஓவியனையும் போல, சமர்த்தாக, வலமாக. எதிர்த்திசை இல்லை. துக்கம் எதிரே வரவில்லை. சுற்றி நடக்க மட்டும் இடம் இருந்திருந்தால், அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரே ஒரு சுற்று நடந்திருந்தால், அன்றைக்கே தெரிந்திருக்கும். குதிரையின் காலுக்கு நடுவே ஆறு ஞாயிற்றுக்கிழமை சுகமாகப் படுத்துக் கிடந்தேன். தாடிக்காரர். கீழிருந்தா, மேலிருந்தா. ஐயோ, அவர் அதைத்தானே கேட்டார். நான் பல்லி என்றேன். அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சிரித்தார். இல்லை, தெரிந்திருந்தால் கேட்டுக் கிழித்திருப்பார், விடுவார்களா? சும்மா கேட்டிருப்பார். சும்மா யார் அப்படிக் கேட்பார்கள்?

“என்ன நாயகி மிஸ், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?” கதவில் ஜெசிந்தா மிஸ். ஒன்பது, பத்துக்குக் கணக்கு எடுப்பவர், பள்ளியில் என் விண்ணப்ப விஷயம் தெரிந்த ஒரே ஆள், விண்ணப்பக் கடிதத்தின் ஆங்கிலத்தில் மட்டும் கமா போட்டுத் தந்தவர். இன்றைக்கு அவருக்கு ஹால் இல்லை, டீச்சர்களை மாற்றிவிடும் வேலை. “பதினொன்னு அடிச்சிருச்சே. நான் பத்து நிமிஷம் நிக்கிறேன், ஓடிப் போய் பாத்துட்டு வந்துடுங்க. பிரின்சிபால் ரவுண்ட்ஸ் போயிருக்காங்க, கூடை சும்மாதான் கெடக்கு.” அரை மணி நேரம் முன்னால் கேட்டிருந்தால் படியில் விழுந்தடித்து ஓடியிருப்பேன். “வேணாம் மிஸ்.” “ஏன்? பயமா?” “ஆமா மிஸ்.” “அட, இதுக்குப் போய். கெடைச்சிருக்கும், பாருங்க. நான் காலையில ஜெபத்துல சொல்லியிருக்கேன்.” தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த ஹாலுக்குப் போகிறார். பயம்தான் மிஸ், ஆனால் நீங்கள் நினைக்கிற பயம் இல்லை. காலையில் ‘இல்லை’ என்று வந்துவிடுமோ என்று பயந்தேன். இப்போது ‘ஆமாம்’ என்று வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இல்லை என்று வந்தால் இந்தத் தப்பு என்னோடு வீட்டுக்கு வந்து நோட்டுக்குள் படுத்துவிடும், யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆமாம் என்று வந்தால் அது என் கையைப் பிடித்துக்கொண்டு ரயில் ஏறும். இப்படியும் ஒருத்தி இருப்பாளா, தன் விண்ணப்பம் தோற்கட்டும் என்று பிள்ளைகள் நடுவில் நின்று வேண்டிக்கொள்கிறவள்? வேண்டிக்கொள்ளவும் முடியவில்லை. அந்தப் படகு நினைவுக்கு வருகிறது. கொடு, கொடு, கொடுத்துவிடு என்றுதான் உள்ளே என்னவோ கத்துகிறது.

சரி, எழுதிவிடலாம். எழுதிவிட வேண்டும். மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, கட்டுரையின் ஏழாம் பக்கத்தில் உள்ள வரைபடத்தில் வடக்கும் தெற்கும் மாறிவிட்டன, ஆகவே அதன் முடிவு தவறு, வருந்துகிறேன். மூன்று வரி. ஆகவே அதன் முடிவு தவறு. முடிவு தவறு என்றால் மீதி என்ன இருக்கிறது? அவளுடைய வெறுங்கை இருக்கிறது. அதை நான் அடிக்குறிப்பில்தானே போட்டேன். பன்னிரண்டு அடிக்கிறது. யாருக்குத் தெரியும் என்று ஒரு குரல், கெட்ட குரல்கூட இல்லை, அம்மா குரல் மாதிரி, சோறு போடும்போது பேசுகிற குரல். மண்டபம் வெள்ளை. இனி எந்த மனுஷனும் போய் அண்ணாந்து பார்க்க முடியாது. நீ எந்தப் பக்கம் என்று சொல்கிறாயோ அந்தப் பக்கம்தான் அவள் நடப்பாள். அதுதான் என்னை நடுங்க வைக்கிறது. சாட்சி இருந்தால் மாட்டிக்கொள்ளலாம், அவமானப்பட்டு அழுது முடித்துவிடலாம். சாட்சியே நான்தான். ஐம்பது வருடம் கழித்து யாரோ ஒரு பெண், என்னைப் போலவே டார்ச்சைக் கடித்துக்கொண்டு திரிகிற ஒருத்தி, தன் கட்டுரையில் என் பெயரைப் போட்டு, செங்கழனிபுரத்தில் கதை இடமாகச் செல்கிறது என்று எழுதுவாள். முன்னாலேயே எழுதிவிட வேண்டும். அதுதான் வழி. போன் கைக்கு வந்ததும் பதிலைத் திறக்காமல், முதலில் அந்த மூன்று வரியை எழுதி அனுப்பிவிட்டு, அப்புறம் திறப்பது. பார்த்துவிட்டால் எழுத மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். ஆமாம் என்று பார்த்துவிட்டால் இன்னும் கொஞ்சம் சரிபார்த்துவிட்டு எழுதலாம், சேர்ந்த பிறகு நேரில் சொல்லலாம், முதல் பருவம் முடியட்டும் என்றெல்லாம் அழகழகாகக் காரணம் வரும், நான் காரணம் சொல்வதில் கெட்டிக்காரி. அதனால் முதலில் எழுது, பிறகு பார். முதலில் எழுது, பிறகு பார். பன்னிரண்டரை அடிக்கிறது. பிள்ளைகள் நூல் கேட்கிறார்கள், தாளைக் கட்ட. முதலில் எழுது.

ஒரு மணி. எண்ணுகிறேன், முப்பத்தேழு வருகிறது, மறுபடி எண்ணுகிறேன், முப்பத்தெட்டு. படியிறங்கி, கட்டை ஒப்படைத்து, கூடையில் கைவிட்டு, என் போனை எடுத்து, வராந்தாவின் மூலையில் போய் நின்று உயிர் கொடுக்கிறேன். அது விழித்துக்கொள்ள எடுக்கிற நேரத்துக்குள் வாக்கியத்தை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். திரை வெளிச்சமாகிறது. நான் எதையும் திறக்கவில்லை. திறக்க விடவில்லை, அதுவே திரையின் நெற்றியில் ஒட்டிக்கொண்டு வந்து நிற்கிறது, பல்கலைக்கழகத்தின் பெயர், அடியில் முதல் வரி: வாழ்த்துகள், உங்களுக்கு இடம் வழங்குவதில் மகிழ்ச்சி. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, ஏனென்றால் பின்னாலிருந்து ஜெசிந்தா மிஸ் எட்டிப் பார்த்துவிட்டு, “கெடைச்சிருச்சா? கெடைச்சிருச்சு!” என்று கத்துகிறார், கட்டிக்கொள்கிறார், ஸ்டாஃப் ரூமிலிருந்து நான்கைந்து பேர் வந்துவிடுகிறார்கள். சமூக அறிவியல் வேதமாணிக்கம் சார், “என்னம்மா, சொல்லவே இல்ல? கள்ளி! அப்படி என்னத்த எழுதிக் கொடுத்த, வடநாட்டுக்காரன் மயங்கிப் போற அளவுக்கு?” என்கிறார். எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். ஒரு மண்டபம் சார், மேல ஓவியம் என்று ஆரம்பிக்கிறேன். அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம். என் கை தானாக மேலே போகிறது, விரல் காற்றில் சுற்றுகிறது, வடக்குப் பக்கமாக, இடமாக. “பொதுவா வலமா போகும் சார். இதுல இடமா போகுது. புருஷன் செத்துப் போனவ கதை, அதனால வேணும்னே எதிர்த்திசையில வரைஞ்சிருக்கான்.” நேற்றுவரை இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், அப்போதெல்லாம் தப்பு. தெரிந்துகொண்டு சொன்னது இதுதான் முதல் தடவை. எவ்வளவு சுலபமாக வருகிறது. “அடேங்கப்பா!” என்கிறார் சார். ஒவ்வொருவராக வாழ்த்திவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். ஜெசிந்தா மிஸ் மட்டும் போகவில்லை. அவர் வீட்டுக்காரர் தவறிப் பதினாறு மாதம் ஆகிறது, பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, ரொம்ப மெல்லிய குரலில், “நெஜம்தான் மிஸ்” என்கிறார். “அவர் போனதிலேருந்து எனக்கு அப்படித்தான் இருக்கு. எல்லாரும் ஒரு பக்கம் போறாங்க, நான் மட்டும் எதிர்ப்பக்கம் போற மாதிரி. இத எப்பவோ ஒருத்தன் புரிஞ்சு வரைஞ்சு வச்சிருக்கான் பாருங்க.” கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். “அந்தப் படத்த எனக்கு அனுப்புவீங்களா?” என் கட்டைவிரல் திரையின் மேல் இருக்கிறது. மூன்று வரி இன்னும் அப்படியே மனப்பாடமாக இருக்கிறது. “அனுப்புறேன் மிஸ்” என்கிறேன். ஏழாம் பக்கத்தை எடுத்து, அங்கேயே நின்று, அனுப்புகிறேன்.